பாலோ டூரோவா, கேப்ராக் கேன்யன்ஸா? ஆர்வியில் செல்வோருக்கான ஓர் ஒப்பீடு

டெக்சஸ் மாநிலத்தின் வடபகுதியில் லானோ எஸ்டகாடோ என்னும் பரந்த மேட்டுச் சமவெளி, தன் கிழக்கு ஓரத்தில் திடீரென்று உடைந்து செந்நிறச் சுவர்களாகக் கீழே இறங்குகிறது. அந்த உடைப்பை ஒட்டி இரண்டு மாநிலப் பூங்காக்கள் உள்ளன. அமரில்லோ நகருக்குத் தென்கிழக்கே இருப்பது பாலோ டூரோ கேன்யன். அதற்கும் தெற்கே, கிட்டிக்வே என்ற சிற்றூரை அடுத்து இருப்பது கேப்ராக் கேன்யன்ஸ். சாலைவழியே இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு நூறு மைலுக்குச் சற்றுக் குறைவு. நிலவியலாலும் தட்பவெப்பத்தாலும் இரண்டும் உடன்பிறப்புகளே. இருந்தும், படுக்கையும் சமையலறையும் உள்ள ஆர்வி என்னும் வண்டியை ஓட்டிச் சென்று அதிலேயே தங்கி, பகலில் நடைத்தடங்களில் நடக்க விரும்புகிறவருக்கு இவை தரும் அனுபவம் பெரிதும் வேறுபடுகிறது. டல்லஸ் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வாடகை ஆர்வியில் நான்கைந்து நாள் பயணம் திட்டமிடும்போது, பெயர் பெரிதாகக் கேட்கப்படுவதால் பாலோ டூரோவையே முன்பதிவு செய்துவிடுகிறார்கள். அது தவறான தேர்வு என்று சொல்ல மாட்டேன்; ஆனால் எல்லாருக்கும் பொருந்துகிற தேர்வும் ஆகாது.

வேறுபாட்டின் வேர் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பாலோ டூரோவில் நுழைவாயில் சமவெளியின் மேல்மட்டத்தில் இருக்கிறது. முகாம்களும் பெரும்பாலான தடங்களும் பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் இருக்கின்றன. எனவே கீழே இறங்கும் வேலையை வண்டிதான் செய்தாக வேண்டும். கேப்ராக்கில் ஆர்விகளுக்கான முகாம் சமதரையில், நுழைவாயிலிலிருந்து எளிதில் எட்டும் இடத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் உட்புறத்தை நாடி ஏறுவதும் இறங்குவதும் நம் கால்களின் பொறுப்பு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், மற்ற எல்லா ஒப்பீடுகளும் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலோ டூரோவின் பூங்காச் சாலை, பத்து விழுக்காட்டுச் சரிவுடன் வளைந்து வளைந்து விளிம்பிலிருந்து அடிமட்டம் வரை இறங்குகிறது. காரில் வருகிறவர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டியும் சமையல் எரிவாயு உருளையும் பெட்டிகளும் ஏற்றிய 28 அடி மோட்டார்ஹோமுக்கு, அதாவது வீடும் எஞ்சினும் ஒன்றாக அமைந்த ஆர்விக்கு, இது மெய்யான சோதனை. மேலேயே கியரைக் குறைத்துவிட்டு எஞ்சினின் இழுவையில் வண்டியை இறங்கவிட வேண்டும். பிரேக்கை அவ்வப்போது விட்டு, விட்டு மிதிக்க வேண்டுமே தவிர, அழுத்திய காலை எடுக்காமல் கீழ்வரை வரக் கூடாது. அப்படி வருகிற வண்டிகள் கீழே நிற்கும்போது, முன்சக்கரங்களிலிருந்து எழும் கருகிய வாடையைப் பக்கத்தில் நிற்பவர் முகர முடியும். முதன்முறையாக ஆர்வி ஓட்டுகிறவர்கள் இந்த இறக்கத்தை இருட்டிய பிறகு முயலாமல் இருப்பது நலம். கோடைக்கால இரவுகளில் பள்ளத்தாக்கினுள் உள்ள வெளியரங்கில் 1966 முதல் ஒரு பெரிய இசைநாடகம் நிகழ்த்தப்பட்டு வருகிறது. நிகழ்ச்சி முடிந்ததும் நூற்றுக்கணக்கான கார்கள் வரிசையாக மேலேறும் என்பதால், அந்த நேரத்தில் எதிர்த்திசையில் ஆர்வியோடு வருவது யாருக்கும் உவப்பாக இராது.

கீழே வந்துவிட்டால் பாலோ டூரோவின் பலம் தெரியத் தொடங்கும். ஹாக்பெரி, சேஜ்பிரஷ், ஜூனிபர், மெஸ்கீட் ஆகிய முகாம் பகுதிகளில் மின்சாரமும் தண்ணீரும் இணைத்துக்கொள்ள வசதி உண்டு. காலையில் ஆர்வியின் கதவைத் திறந்தால் நாற்புறமும் செந்நிறச் சுவர்கள் நிற்கும். பல தடங்களின் தொடக்கத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போய்விடலாம். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரங்களே பெரும்பாலும் நிழல் தருகின்றன. அந்த நிழல் எத்தகையது என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. குறை என்று சொல்வதானால் ஆற்றைச் சொல்ல வேண்டும். சிவப்பு ஆற்றின் கிளையாகிய ப்ரேரி டாக் டவுன் ஃபோர்க், சாதாரண நாள்களில் கணுக்காலைக்கூட நனைக்காத ஓடையாகத்தான் தோன்றும். முகாம்களுக்கு இட்டுச் செல்லும் சாலை அதைத் தாழ்வான தரைப்பாலங்களில் மீண்டும் மீண்டும் கடக்கிறது. மேல்சமவெளியில் எங்கோ பெய்த மழை இந்தச் சிற்றோடையைச் சில மணி நேரத்தில் வெள்ளமாக்கிவிடும். அப்போது தரைப்பாலங்கள் மூழ்கி, அப்பாலுள்ள முகாம்கள் துண்டிக்கப்படும். நீர் வடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. திங்கட்கிழமை காலை அலுவலகம் திரும்பியே ஆக வேண்டியவர்கள், மழை அறிவிப்பு உள்ள வார இறுதியில் சாலையின் கோடியில் இருக்கும் மெஸ்கீட் பகுதியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

கேப்ராக்கில் ஆர்விகளுக்கான முக்கிய முகாம் ஹோனியா ஃப்ளாட். இங்கும் மின்சாரமும் தண்ணீரும் உண்டு. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதில் அச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் முகாமிலிருந்து பார்த்தால் சுவர்கள் சற்று எட்டத்தில்தான் தெரியும். பூங்காவின் மிகச் சிறந்த தடங்கள் சாலையின் மறுகோடியில், தெற்குப் பிரிவு என்று அழைக்கப்படும் இடத்தில் தொடங்குகின்றன. அங்கே செல்லும் சாலை குறுகலானது, செங்குத்தான ஏற்ற இறக்கங்களைக் கொண்டது. சிறிய வேனை ஓட்டிச் சென்றுவிடலாம். பெரிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர், பின்னால் ஒரு காரையும் இழுத்து வந்திருந்தால் ஒழிய, இந்தத் தடங்களைத் தொடங்குவதற்கே திண்டாடுவார். ட்ரெய்லரை முகாமில் கழற்றி நிறுத்திவிட்டு, இழுத்துவந்த டிரக்கிலேயே சுற்றக்கூடியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே இரண்டு பூங்காக்களுக்கும் இடையே தேர்வு செய்வதற்கு முன் எழுப்ப வேண்டிய கேள்வி, அழகு எங்கே அதிகம் என்பதைவிட, நம்மிடம் இருப்பது எந்த வகை வண்டி என்பதாகவே இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

கழிவுநீர்க் குழாய் இணைப்பை முகாம் இடத்திலேயே இரண்டிலும் எதிர்பார்க்க வேண்டாம். புறப்படும்போது டம்ப் ஸ்டேஷன் எனப்படும் பொதுக் கழிவு இறக்குமிடத்தில் கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும்.

தடங்களுக்கு வருவோம். பாலோ டூரோவின் அடையாளச் சின்னம் ‘லைட்ஹவுஸ்’ எனப்படும் 310 அடி உயரப் பாறைத்தூண். போய்வர ஏறக்குறைய ஆறு மைல். பெரும்பகுதி அகலமான, மெல்ல ஏறி இறங்கும் பாதை. கடைசிச் சில நூறு அடிகள் மட்டும் கையும் ஊன்றி ஏறும்படி செங்குத்தானவை. பள்ளிப் பிள்ளைகள் நன்றாகவே நடந்துவிடுவார்கள். ஆனால் வழிநெடுக நிழல் மிகக் குறைவு. கோடையில் பள்ளத்தாக்கின் அடிமட்டம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை எளிதில் தாண்டுகிறது; தரையும் சுவர்களும் சூட்டைத் திருப்பி வீசுகின்றன. இந்தத் தடத்தில் மனிதர்களும் அவர்களுடன் வந்த நாய்களும் வெப்பத்தால் பாதிக்கப்படுவது பூங்கா ஊழியர்களுக்குப் பழகிப்போன துயரம். “மூன்று மைல்தானே, ஒரு பாட்டில் போதும்” என்கிற கணக்கு இங்கே செல்லாது. சூரியன் எழும்போதே தொடங்கிப் பத்து மணிக்குள் முகாமுக்குத் திரும்பிவிடுபவரே இந்தத் தடத்தை ரசிக்கிறார்.

லைட்ஹவுஸின் புகழ் மற்றத் தடங்களை மறைத்துவிட்டது என்பது என் மனக்குறை. ராக் கார்டன் தடம், பண்டைய நிலச்சரிவொன்றில் உருண்டு வந்து கிடக்கும் பெரும்பாறைகளின் நடுவே தொடங்கி, ஏறக்குறைய 600 அடி உயர்ந்து விளிம்பை அடைகிறது. அங்கிருந்து காணும் காட்சி லைட்ஹவுஸுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று, கூட்டமும் பாதிதான் இருக்கும். சிசிசி தடம் மேலிருந்து 500 அடி இறங்குகிறது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையற்ற இளைஞருக்கும் முதல் உலகப்போரில் பணியாற்றியோருக்கும் வேலை தர உருவாக்கப்பட்ட குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படையினர் (சுருக்கமாக சிசிசி) 1930களில் இந்தப் பூங்காவின் சாலையையும் விளிம்பிலுள்ள கல் விடுதியையும் கட்டினார்கள். தடம் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பூங்கா 1934 ஜூலை 4 அன்று திறக்கப்பட்டது. நாம் கியரைக் குறைத்து இறங்கும் அந்தச் சாலை அவர்களுடைய உழைப்பு.

பாறைகளை வாசிக்கத் தெரிந்தவருக்குப் பாலோ டூரோ கூடுதல் விருந்தளிக்கும். அடியில் பெர்மியன் காலத்துச் செங்களிப்பாறை; அதன் மேல் ஊதாவும் மஞ்சளும் கலந்த ட்ரையாசிக் காலத்து டெகோவாஸ் அடுக்கு; அதற்கும் மேல் கெட்டியான ட்ருஹியோ மணற்கல்; உச்சியில் ஒகலாலா அடுக்கு. லைட்ஹவுஸ் ஏன் நிற்கிறது என்பதற்கும் விடை இதிலேயே உண்டு: மென்மையான டெகோவாஸ் சுற்றிலும் கரைந்துபோக, தலைமேல் தொப்பியாக அமர்ந்த ட்ருஹியோ மணற்கல் தன் கீழுள்ள பகுதியை மட்டும் காத்து நிற்கிறது.

கேப்ராக்கின் தடங்கள் வேறு குணமுடையவை. இங்கே ஒற்றைச் சின்னம் எதுவும் இல்லை. படமெடுத்துக்கொள்ள ஓர் இடத்தை எல்லாரும் நாடி ஓடும் நிலையும் இல்லை. மேல் பள்ளத்தாக்குத் தடமும் ஹேய்ன்ஸ் முகட்டுத் தடமும் இணைந்து உருவாக்கும் சுற்று, இவ்விரு பூங்காக்களில் உள்ள எல்லா நடைகளிலும் கடினமானது, நிறைவானதும் அதுதான். ஓடைப்படுகையின் வழியே செல்லச் செல்லச் சுவர்கள் நெருங்கி வருகின்றன; செம்பாறையின் ஊடே விரல் தடிமனுள்ள வெள்ளை ஜிப்சப் பட்டைகள் கோடுகோடாக ஓடுகின்றன. அருகே சென்று பார்த்தால் அந்தப் பட்டை நூலிழைகளை நெருக்கி அடுக்கினாற்போல் மினுங்கும். நகத்தால் கீறினாலே தூளாக உதிரும் அளவுக்கு மென்மையானது. கசிந்து சொட்டும் நீரில் பெரணிகள் வளரும் ஃபெர்ன் குகை, வறண்ட நிலத்தின் நடுவே நம்ப முடியாத குளிர்ச்சியைத் தருகிறது. அதன் பிறகு முகட்டை நோக்கிய ஏற்றம். சரளைக்கல்லில் கால் வழுக்கும் இடங்கள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு குழந்தைகளுடன் வருபவர்களும் இதைத் தவிர்ப்பதே சரி. அவர்களுக்கு இயற்கைப் பாலத்தைத் தொட்டுச் செல்லும் ஈகிள் பாயின்ட் தடம் போதுமானது.

கேப்ராக்கிடம் மட்டும் இருக்கும் இன்னொன்று ட்ரெயில்வே. ஃபோர்ட் வொர்த்–டென்வர் ரயில் நிறுவனத்தின் கைவிடப்பட்ட கிளைப்பாதையில் தண்டவாளங்களை அகற்றிவிட்டு, எஸ்டெலின் முதல் சவுத் ப்ளெயின்ஸ் வரை 64 மைல் நீளத்துக்கு நடப்பவருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் குதிரையேறிகளுக்குமாக 1993இல் திறந்துவிட்டார்கள். வழியில் வரும் கிளாரிட்டி சுரங்கத்தில், வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை மெக்சிகன் ஃப்ரீ-டெயில்டு வௌவால்கள் இலட்சக்கணக்கில் தங்குகின்றன. ரயிலுக்காக அமைந்த பாதை என்பதால் சரிவு மிக மென்மையானது. ஆனால் சைக்கிளில் செல்பவருக்கு ஒரு பெரும் எதிரி உண்டு. அது நெருஞ்சி. நம் வயல் வரப்புகளில் காலில் ஏறும் அதே முள்தான் இங்கே டயரைத் துளைக்கிறது. பஞ்சரை அடைக்கும் திரவம் ஊற்றப்படாத ட்யூபுடன் இந்தப் பாதையில் இறங்குவது வீண் துணிச்சல். சில பகுதிகள் அவ்வப்போது பராமரிப்புக்காக மூடப்படக்கூடும் என்பதால், சுரங்கத்தை நம்பிப் புறப்படுபவர் பூங்கா அலுவலகத்தை முன்கூட்டியே அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகும், கேப்ராக்கைத் தேர்ந்தெடுக்க வைக்கும் பெருங்காரணம் பைசன்கள் எனப்படும் அமெரிக்கக் காட்டெருமைகள்தான். டெக்சஸ் மாநிலத்தின் அதிகாரபூர்வ பைசன் மந்தை இந்தப் பூங்காவில் வாழ்கிறது; 2011 முதல் வேலிக்குள் அடைக்கப்படாமல் பூங்கா நிலத்தில் மேய்கிறது. அவை சாலையில் நிற்கும். முகாமின் நடுவே மேயும். ஆர்வியின் பக்கவாட்டில் வந்து நின்று மூச்சுவிடும் ஓசை உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்கும். வழியை மறித்து நிற்கும் காளைக்கு ஹாரன் அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. அது புழுதியில் புரண்டு எழுந்து, கழுத்து மயிரை உதறிக்கொண்டு, தன் விருப்பப்படி நகரும்வரை வண்டிக்குள்ளேயே பொறுத்திருக்க வேண்டும். பார்ப்பதற்குச் சாதுவாகத் தோன்றினாலும், குறைந்தது 50 கெஜத் தொலைவு விலகி நிற்கச் சொல்லும் விதி வெறும் சம்பிரதாயமன்று. 2022ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இங்கே தனியாக நடந்த ஒரு பெண்மணி, தடத்தின் அருகே நின்ற மந்தையைக் கடக்க முயன்றபோது முட்டப்பட்டுப் படுகாயமடைந்தார். தடத்தின் மேல் பைசன் நின்றால் சுற்றிப் போக வேண்டும், அல்லது திரும்பிவிட வேண்டும்.

இந்த மந்தையின் வரலாறு இரு பூங்காக்களையும் ஒன்றாகப் பிணைக்கிறது. 1874 செப்டம்பர் 28 அன்று அமெரிக்க ராணுவக் கர்னல் ரனால்ட் மெக்கன்சியின் குதிரைப்படை பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குள் இறங்கி, அங்கே குளிர்காலத்துக்காகத் தங்கியிருந்த காமன்சி, கயோவா, செயென் பூர்வகுடி மக்களின் குடியிருப்புகளையும் உணவையும் எரித்தது. உயிர்ச்சேதம் அதிகமில்லை. ஆனால் கைப்பற்றிய குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மெக்கன்சி அருகிலுள்ள டூலி பள்ளத்தாக்கில் சுட்டுக் கொல்லச் செய்தார். குதிரையும் உணவும் இல்லாத மக்கள், அரசு பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலங்களுக்குச் செல்வதைத் தவிர வேறு வழியற்றவர்களானார்கள். இரண்டே ஆண்டுகளில், 1876இல், சார்ல்ஸ் குட்நைட் அதே பள்ளத்தாக்கில் மாட்டுப் பண்ணை தொடங்கினார். தோல் வேட்டைக்காரர்கள் சமவெளியின் பைசன்களை ஏறத்தாழ அழித்துவிட்டிருந்த நிலையில், எஞ்சிய கன்றுகளையேனும் காப்பாற்றும்படி அவருடைய மனைவி மேரி ஆன் வற்புறுத்தினார். அப்படிக் காக்கப்பட்ட கன்றுகளின் வழித்தோன்றல்களையே குட்நைட் தொடங்கிய ஜேஏ பண்ணை மாநிலத்துக்கு அளித்தது. 1997இல் அவை கேப்ராக்குக்குக் கொண்டுவரப்பட்டன. கேப்ராக்கிலுள்ள தியோ ஏரிக்கரையில், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஃபோல்சம் பண்பாட்டினர் என்னும் தொல்குடி வேட்டைக்காரர்கள் வேட்டையாடிய, இன்று அழிந்துபோன பைசன் இனத்தின் எலும்புகள் ஈட்டிமுனைகளோடு கண்டெடுக்கப்பட்டுள்ளன. இந்த வரலாற்றை அறிந்துகொண்டு முதலில் பாலோ டூரோவையும் பின்னர் கேப்ராக்கையும் காண்பவர், பைசனைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

செலவைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடில்லை. நாள் நுழைவுக் கட்டணம் பாலோ டூரோவில் சற்றுக் கூடுதல். பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு இரண்டிலும் இலவசம். முகாம் கட்டணத்துக்கு மேல் நுழைவுக் கட்டணமும் நாள்தோறும் தலைக்கு ஒன்றாகச் சேர்வதால், நான்கு பெரியவர்கள் நான்கு நாள் தங்குவதாக இருந்தாலே மாநிலப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதி அட்டை தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். இடம் கிடைப்பதில்தான் மெய்யான வேறுபாடு. மார்ச் மாத வசந்த விடுமுறைக்கும் அக்டோபர் வார இறுதிகளுக்கும் பாலோ டூரோவின் இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். கேப்ராக்கும் அந்நாள்களில் நிரம்பும், ஆனால் வாரநாள்களில் அங்கே இடம் கிடைக்காமல் போவது அரிது.

கடைகண்ணி வசதியில் பாலோ டூரோவுக்குப் போட்டியே இல்லை. பன்னிரண்டு மைல் தொலைவில் கேன்யன் நகரம். அதைத் தாண்டினால் அமரில்லோ. எரிவாயு தீர்ந்தாலும், தண்ணீர் பம்ப் பழுதானாலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அரைமணி நேரத்தில் தீர்வு உண்டு. கிட்டிக்வே மிகச் சிறிய ஊர்; அங்கே காய்கறியும் தயிரும் நம் விருப்பப்படி கிடைக்கும் என்று நம்பிச் செல்லக் கூடாது. ஆனால் அதே தொலைவுதான் கேப்ராக்கின் இரவுகளை இருளாக வைத்திருக்கிறது. நிலவில்லா இரவில் முகாமின் மேசையிலிருந்தே பால்வழி தெளிவாகத் தெரியும்.

அமரில்லோவிலுள்ள தனியார் ஆர்வி பூங்காவில் தங்கிக்கொண்டு பகலில் மட்டும் பாலோ டூரோவுக்குப் போய்வரலாம் என்று சிலர் மூன்றாவது வழியொன்றைச் சொல்வதுண்டு. கழிவுநீர் இணைப்பு, வைஃபை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் கிடைக்கும். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலும் கூடவே கிடைக்கும். விடியற்காலையில் தடத்தைத் தொடங்குவதே இந்த நிலத்தில் நடப்பதன் அடிப்படை என்னும்போது, அரைமணி நேரம் ஓட்டிவந்து நுழைவாயில் திறக்கும்வரை நிற்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பெரிய பேருந்து அளவுள்ள மோட்டார்ஹோமை அந்தச் சரிவில் இறக்க அஞ்சுபவர், காரையும் இழுத்து வந்திருந்தால் மட்டுமே இவ்வழி பொருந்தும்.

ஆக, முதன்முறை ஆர்வி எடுக்கும் குடும்பத்துக்கு, அதுவும் முதியவர்களும் சிறுவர்களும் உடன் வருகிறார்கள் என்றால், பாலோ டூரோவையே பரிந்துரைப்பேன். பகலொளியில் நிதானமாக ஒருமுறை இறங்கிவிட்டால், பிறகு வண்டியை நகர்த்தாமலேயே வேண்டிய அளவு நடக்கலாம். நடக்க இயலாத பாட்டியும் தாத்தாவும் நாற்காலியில் அமர்ந்தபடியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அடுத்த பயணத்துக்கு, ட்ரெய்லரோ சிறிய வேனோ வைத்திருப்போருக்கு, கூட்டத்தைவிட்டு விலகி நாள்முழுதும் நடக்க விரும்புவோருக்கு, கேப்ராக்கே சிறந்தது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் மீண்டும் போகலாம் என்றால் எது என்று என்னைக் கேட்டால் கேப்ராக்கின் பெயரைத்தான் சொல்வேன்.

நாள் இருப்பவர்கள் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். வார இறுதியின் நெரிசலைத் தவிர்க்க, வாரநாள்களில் பாலோ டூரோவில் தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை தெற்கே இறங்குவது நல்ல வரிசை. டூலியா வழியாகச் செல்லும் பாதை தட்டையானது, கனமான வண்டிகளுக்கு ஏற்றது. கிளாட் ஊரிலிருந்து சில்வர்டன் வரை செல்லும் 207ஆம் எண் சாலை சற்றுச் சுற்று. பாலோ டூரோ பள்ளத்தாக்கையும் குதிரைகள் கொல்லப்பட்ட டூலி பள்ளத்தாக்கையும் ஊடறுத்துச் செல்கிறது, காட்சிக்கு ஈடில்லை. ஆனால் அதிலும் செங்குத்தான இறக்கங்கள் உண்டு; இடையே பெட்ரோல் பங்கை எதிர்பார்க்க முடியாது. அவ்வழியைத் தேர்ந்தெடுப்பவர் எரிபொருளைக் கிளாடிலேயே நிரப்பிக்கொண்டு, கழிவுத் தொட்டியையும் பாலோ டூரோவிலேயே காலி செய்துவிட்டு, இயன்றவரை இலகுவான வண்டியோடு புறப்பட வேண்டும்.